ஊடாடும் வெண்பலகையும் காணொளிக் கூட்டமும் இணைந்த காப்புரிமை: முன்கலை தேடுவதில் உதவி வேண்டும்

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெவ்வேறு இடங்களில் இருப்பவர்கள் ஒரே வெண்பலகையில் எழுதிக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதற்கான திறந்த மூல மென்பொருள் ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். அதைத் தொடுதிரைப் பலகைகளில் நிறுவித் தரும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு, ஓர் அமெரிக்கக் காப்புரிமையைக் காட்டி உரிமக் கட்டணம் கேட்டு அண்மையில் கடிதம் வந்திருக்கிறது. வழக்கு எதுவும் இன்னும் தொடுக்கப்படவில்லை. உரிமையாளரின் பெயரையும் காப்புரிமை எண்ணையும் பொதுவெளியில் எழுத விரும்பவில்லை. முதல் கோரிக்கையின், அதாவது எதற்கு உரிமை கேட்கப்படுகிறது என்று வரையறுக்கும் வாசகத்தின், சாரத்தை மட்டும் என் சொற்களில் தருகிறேன்.

தொடுகையை உணரும் பெரிய திரை ஒன்று. அந்தத் திரையின் சட்டத்துக்குள்ளேயே பொருத்தப்பட்டு, எழுதுபவரின் முகத்தைப் படம்பிடிக்கும் கேமரா. எழுதப்படும் கோடுகளையும் முகக் காட்சியையும் வலையமைப்பு வழியே மறுமுனைக்கு அனுப்பும் செயலி. மறுமுனையிலிருந்து வரும் கோடுகளையும் முகத்தையும் அதே திரையில் ஒருசேரக் காட்டும் ஏற்பாடு. இறுதியாக, கோடுகளும் காணொளியும் ஒரே நேர வரிசையில் பதிவாகி, பிற்பாடு ஒரு கோட்டைத் தொட்டால் அது எழுதப்பட்ட கணத்திலிருந்து காணொளி ஓடுவது. தற்காலிக விண்ணப்பம் 2006இலும் முதன்மை விண்ணப்பம் 2007இலும் தாக்கலாகியிருக்கின்றன. கடிதத்தில் காட்டப்பட்டிருக்கும் காப்புரிமை, அவற்றின் தொடர்ச்சியாக, புதிய விவரங்கள் சேர்த்து 2016இல் தாக்கல் செய்யப்பட்ட விண்ணப்பத்திலிருந்து வந்தது.

இவை அனைத்தும் 1990களிலேயே இருந்தவை என்றுதான் எங்கள் குழுவில் எல்லோருக்கும் படுகிறது. அதை, அதாவது விண்ணப்பத்துக்கு முன்பே வெளியாகியிருந்த முன்கலையை, ஆவணத்தோடு நிறுவுவது எப்படி என்பதில்தான் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

பலமுனை எழுதியது:

1990களுக்குக் கூடப் போக வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் நடத்திய செயல்விளக்கத்தில், மென்லோ பார்க்கில் இருந்த அவருடைய சக ஆய்வாளரின் முகம் திரையின் ஒரு மூலையில் தெரிய, இருவரும் ஒரே ஆவணத்தைப் பார்த்துப் பேசியபடியே வேலை செய்தார்கள். கையெழுத்தைக் கம்பி வழியே அனுப்புவது அதைவிடவும் பழையது. எலிஷா கிரே தம் டெலாட்டோகிராஃப் கருவிக்கு 1888இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1970களில் பெல் ஆய்வகம், பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவதைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பித் தொலைவிலுள்ள திரையில் காட்டும் மின்னணுக் கரும்பலகையை உருவாக்கியது.

இணையத்துக்கு வந்தால், 1990களின் முற்பாதியில் ஒரே ஒலி–ஒளி ஓடையை இணையத்தில் பலருக்கு அனுப்பிய எம்போன் வலையமைப்பில் 'விக்' என்ற காணொளிக் கருவி, 'வாட்' என்ற ஒலிக் கருவி, 'டபிள்யூபி' என்ற பகிர்வு வெண்பலகை ஆகிய மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டுக் கூட்டம் நடத்துவது ஆய்வாளர்களிடையே வழக்கமாகவே இருந்தது. 1996இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட நெட்மீட்டிங் வெண்பலகையைக் கொண்டிருந்தது, 2.0 பதிப்பிலிருந்து காணொளியும் சேர்ந்தது. இத்தனை இருக்கும்போது 2006 தேதியிட்ட காப்புரிமை எப்படி நிற்கும்?

கோரிக்கைவாசகர் எழுதியது:

நண்பர் பலமுனை குறிப்பிட்டவை அனைத்தும் உண்மையானவை, மதிப்புக்குரியவை. ஆனால் அவற்றை இப்படியே கொண்டுபோய் வைத்தால் உரிமையாளரின் வழக்கறிஞர் ஐந்தே நிமிடத்தில் ஒதுக்கிவிடுவார். நான் காப்புரிமை வரைவுப் பணியில் இருப்பவள். இதே தடுமாற்றத்தை மீண்டும் மீண்டும் பார்த்திருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

காப்புரிமை என்பது 'வெண்பலகையும் காணொளியும் சேர்ந்த எண்ணம்' என்ற பொதுக்கருத்தின் மீது தரப்படுவதில்லை. அது கோரிக்கையில் எழுதப்பட்ட சொற்களின் மீது தரப்படுகிறது. புதுமை இல்லை என்று காட்ட வேண்டுமானால், கோரிக்கையின் ஐந்து கூறுகளும், அவை கோரிக்கையில் பிணைக்கப்பட்டிருக்கும் அதே முறையில், ஒரே ஆவணத்தில் இருந்தாக வேண்டும். எங்கெல்பார்ட்டின் செயல்விளக்கத்தில் தொடுதிரை இல்லை. சட்டத்துக்குள் கேமரா இல்லை. கோட்டைத் தொட்டுக் காணொளிக்குத் திரும்புவதும் இல்லை. டெலாட்டோகிராஃபில் திரையே இல்லை. நெட்மீட்டிங்கில் கேமரா கணினித் திரைக்கு மேலே தனியாக உட்கார்ந்திருந்தது.

ஒரே ஆவணம் கிடைக்காவிட்டால் அடுத்த வழி, இரண்டு அல்லது மூன்று ஆவணங்களைச் சேர்த்து, இத்துறையில் சாதாரணத் திறன் உள்ள ஒருவருக்கு இந்த இணைப்பு எளிதில் புலப்பட்டிருக்கும் என்று வாதிடுவது. 2007இல் கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு முன்பிருந்த இறுக்கத்தைத் தளர்த்தியது: தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த வழியில் சேர்த்து, எதிர்பார்த்த விளைவு மட்டுமே கிடைக்குமானால், அந்த இணைப்புக்குக் காப்புரிமை கிடைப்பது கடினம். அப்படியிருந்தும், ஏன் சேர்த்திருப்பார் என்பதற்கான காரணத்தை நாம்தான் சொல்ல வேண்டும். சேர்க்க முடியும் என்பது காரணம் ஆகாது.

எனவே முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் கோரிக்கையின் சொற்கள், ஒரு சொல்லும் விடாமல். வலப்பக்கம், அந்தச் சொல் எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்ற குறிப்பு. வலப்பக்கம் காலியாக நிற்கும் இடங்களுக்காக மட்டுமே மேற்கொண்டு தேட வேண்டும்.

பழையதாள் எழுதியது:

மனித–கணினி ஊடாட்டத் துறையில் 1985 முதல் 1995 வரை வெளியான கட்டுரைகளை ஓரளவு ஆழ்ந்து படித்தவன் என்ற முறையில், கோரிக்கைவாசகர் சொன்ன அட்டவணையை நிரப்பக்கூடிய மூன்று படைப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் லைவ்போர்டு. 1992ஆம் ஆண்டு, இத்துறையின் சி.எச்.ஐ. மாநாட்டில் வெளியான அதன் கட்டுரைத் தலைப்பிலேயே குழுக் கூட்டம், விளக்கவுரை, தொலைவிலிருந்து கூட்டுப்பணி ஆகிய மூன்றும் இடம்பெற்றிருக்கின்றன. பின்னாலிருந்து ஒளி வீசப்படும் பெரிய திரை. கம்பியில்லாப் பேனாவின் முனையிலிருந்து வரும் ஒளிக்கற்றை திரையை ஊடுருவிச் சென்று பின்னாலுள்ள உணரியில் விழ, பேனா இருக்கும் இடம் கணக்கிடப்படும். அதே ஆய்வகத்தின் கோலாப் என்னும் கூட்ட அறை, ஒவ்வொருவரின் கணினியிலும் பொதுவான பலகையைக் காட்டும் முறையை 1987இலேயே விரிவாக எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாவது, அதே ஆய்வகத்தில் ஜான் டாங்கும் ஸ்காட் மின்னமனும் செய்த வீடியோ ஒயிட்போர்டு, 1991. இங்கே கவனம் தேவை. கேமராவும் ஒளிவீழ்த்தியும் ஊடொளிபுகும் திரைக்குப் பின்னால் இருக்கும். எழுதுபவர் திரைக்கு நெருங்கி நின்றால் அவருடைய கை நிழல் கூர்மையாகவும், விலகினால் மங்கலாகவும் மறுமுனைக்குப் போகும். சைகைகளைக் கடத்துவதில் அருமையான ஏற்பாடு. ஆனால் போவது நிழல்தான், முகம் அல்ல. 'முகத்தைப் படம்பிடிக்கும் கேமரா' என்று கோரிக்கை சொல்வதால் இது தனித்து நிற்காது.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: ஜப்பானின் என்.டி.டி. ஆய்வகத்தில் ஹிரோஷி இஷியும் மினோரு கோபயாஷியும் உருவாக்கிய கிளியர்போர்டு, 1992. இருவர் ஒரு பெரிய கண்ணாடிப் பலகையின் இரு பக்கங்களிலும் நின்று அதன் மீது வரைந்தபடி கண்ணோடு கண் பார்த்துப் பேசுவதைப் போன்ற உணர்வைத் தருவதே அதன் நோக்கம். சாய்வாக நிற்கும் பலகைக்குள் பாதி ஒளியை ஊடுருவவிட்டு மீதியை எதிரொளிக்கும் கண்ணாடி இருக்கும். மறுமுனையின் காட்சி பின்னாலிருந்து அதில் வீழ்த்தப்படும். எழுதுபவரின் முகமும் அவர் வரைவதும் அக்கண்ணாடியில் எதிரொளித்து மேலேயுள்ள கேமராவில் பதியும். அனுப்பிய காட்சி சுற்றி வந்து தன்னையே மீண்டும் படம்பிடிக்காமல் இருக்கத் ஒளி அலைகளில் ஒரு தளத்தில் அதிர்பவற்றை மட்டும் விடும் தளவிளைவுப் படலங்களைப் பயன்படுத்தினார்கள். மறுமுனையில் காட்சி இடவலமாகத் திருப்பப்படுவதால் இருவருமே எழுத்தை நேராகப் படிக்கலாம். எதிரில் இருப்பவர் வரைபடத்தின் எந்தப் பகுதியைப் பார்க்கிறார் என்பதும் தெரியும்.

இதன் முதல் வடிவத்தில் கண்ணாடி மீது உண்மையான மையால் எழுதினார்கள். ஆகவே எதிராளி வரைந்ததை நம்மால் அழிக்க முடியாது, வரைந்ததைக் கணினியில் சேமிக்கவும் முடியாது. இரண்டாம் வடிவத்தில் ஒளிபுகும் எண்மத் தளமும் மின்பேனாவும் வந்தன. கோடுகள் டீம்பெயின்ட் என்ற பலர் பயன்படுத்தும் மென்பொருளில் தரவாகவே பரிமாறப்பட்டன. 1993இல் வந்த விரிவான ஆய்விதழ்க் கட்டுரை, உரையாடல் வெளியையும் பகிர்ந்த பணித்தளத்தையும் ஒன்றாக்குவதையே தன் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முதல் கூறும் மூன்றாவதும் நான்காவதும் அங்கே நிரம்பிவிடுகின்றன. இவ்வளவு நேர்த்தியாகச் சிந்தித்து, முழுமையாக வெளியிடப்பட்ட ஒரு படைப்பு இருக்கும்போது, பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே இணைப்புக்கு ஒருவர் தனியுரிமை கோருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எதிர்வாதம் எழுதியது:

உரிமையாளரின் இடத்தில் நின்று பதில் சொல்லிப் பார்க்கிறேன். பின்னால் வேறொருவர் சொல்வதற்கு முன் இங்கேயே கேட்டுவிடுவது நல்லது. கிளியர்போர்டில் கேமரா மேலே, தனித் தாங்கியில் இருக்கிறது, 'சட்டத்துக்குள்' இல்லை. அதில் மின்பேனாவின் இடம்தான் உணரப்படுகிறது. விரலின் தொடுகை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தாவது கூறு அங்கே அறவே இல்லை. உரிமையாளர் தம் கண்டுபிடிப்பின் இதயமே அதுதான் என்று சொல்வார்: கூட்டம் முடிந்த பிறகு பலகையே பதிவின் உள்ளடக்க அட்டவணையாக மாறுகிறது, இதை முன்பு யாரும் செய்யவில்லை என்பார்.

பழையதாள் எழுதியது:

நல்ல கேள்வி. தொடுகையைப் பொறுத்தவரை, ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்போர்டு 1991இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. பேனாவுக்குப் பதில் விரலை ஏற்கும் பரப்பை வைப்பது அதற்குப் பிறகு புதுமையாக இருக்க முடியாது.

ஐந்தாவது கூறுக்கு வருகிறேன். ஜார்ஜியா டெக்கில் 1990களின் நடுவில் தொடங்கிய வகுப்பறை 2000 என்ற திட்டத்தில், ஆசிரியர் லைவ்போர்டில் எழுதும் ஒவ்வொரு கோட்டுக்கும் நேர முத்திரை இடப்பட்டது. வகுப்பு முடிந்த பின் மாணவர் வலைப்பக்கத்தில் அந்தக் கோட்டைச் சொடுக்கினால், அது எழுதப்பட்டபோது ஆசிரியர் பேசியது ஒலிக்கும். எச்.பி. ஆய்வகத்தின் ஃபைலோசாட், 1994இல், கையெழுத்துக் குறிப்பைத் தொட்டால் அந்த நேரத்து உரையாடலுக்குத் தாவும் வசதியைத் தந்தது. அதே ஆண்டில் வந்த மார்க்கீ, பேனாவால் எழுதும் குறிப்புகளைக் காணொளியின் நேரத்தோடு பிணைத்தது. இவற்றுக்கும் முன்னதாக 1993இல் மின்னமனும் ஸ்டீவ் ஹாரிசனும் எழுதிய 'வேர் வேர் வீ' என்ற அமைப்பு, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சற்று முன்பு நடந்ததற்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வழி செய்தது. ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் 'ஆதரிங் ஆன் தி ஃப்ளை' திட்டமும் வெண்பலகைக் கோடுகளையும் விரிவுரைப் பதிவையும் ஒத்திசைத்து, விரும்பிய கணத்துக்குப் போகும்படி செய்தது.

பலமுனை எழுதியது:

என் முதல் பதிவில் கருவிகளின் பெயர்களை மட்டும் சொன்னேன். இப்போது அட்டவணைக்கு ஏற்றபடி சொல்கிறேன். 1995ஆம் ஆண்டு கணினி வலையமைப்புத் துறையின் சிக்காம் மாநாட்டில் வந்த நம்பகப் பல்பரப்புக் கட்டுரை (ஒரே தரவைப் பலருக்கு இழப்பின்றி அனுப்புவது பற்றியது) 'டபிள்யூபி' கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு வரைதல் செயலுக்கும் வரிசை எண்ணும் நேர முத்திரையும் உண்டு; வந்து சேரும் வரிசை எப்படியிருந்தாலும் நேர முத்திரையை வைத்தே திரையில் வரையப்படும். காணொளிக்கான ஆர்.டி.பி. நெறிமுறை 1996 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 1889 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியானது. அதிலும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் நேர முத்திரை இருப்பதுடன், தனித்தனி ஓடைகளைப் பொதுக் கடிகாரத்தோடு பொருத்தும் முறையும் விளக்கப்பட்டிருக்கிறது. எம்போன் கூட்டங்களைப் பதிவு செய்து மீண்டும் ஓட்டும் எம்போன் வி.சி.ஆர். 1995இல் கட்டுரையாக வந்துவிட்டது. கோட்டுக்கும் நேரம் உண்டு, காணொளிக்கும் நேரம் உண்டு, இரண்டையும் பதியும் கருவியும் உண்டு என்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தேடுவது ஒரு தேடல் வினவல்தான்.

கோரிக்கைவாசகர் எழுதியது:

இப்போது இழை சரியான திசையில் செல்கிறது. கடைசியாகச் சொன்ன வாதத்தை மட்டும் ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும்: அந்த வினவலை எழுத ஒருவருக்கு ஏன் தோன்றியிருக்கும்? வகுப்பறை 2000 கட்டுரைகளே அதற்கு விடை. பலகையில் எழுதியதை மட்டும் சேமித்தால் பின்னர் பொருள் விளங்குவதில்லை என்ற சிக்கலை அவை வெளிப்படையாகப் பேசுகின்றன. தொலைநிலைக் கூட்டத்திலும் அதே சிக்கல் இருப்பதால், அதே தீர்வை அங்கே கொண்டுவர ஒருவர் முனைவது இயல்பு. காரணம் நம் வாயிலிருந்து வராமல் அக்காலத்து ஆவணத்திலிருந்தே வருவதுதான் பலம்.

இனி, யாரும் இன்னும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது; என் பார்வையில் இந்த விவகாரத்தின் திறவுகோல் அதுதான். கரும்பலகை அவர்களே, 2016 விண்ணப்பம் புதிய விவரங்கள் சேர்த்துத் தாக்கலானது என்றீர்கள். 'சட்டத்துக்குள் கேமரா' என்பது 2007 விண்ணப்பத்தின் விவரணையில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியில், இருக்கிறதா? இல்லையென்றால் இந்தக் கோரிக்கைக்கு 2006 அல்லது 2007 தேதி கிடைக்காது. 2016 தேதிதான் கிடைக்கும்.

கரும்பலகை எழுதியது:

மிக்க நன்றி, அம்மா. நீங்கள் கேட்ட பிறகு 2007 விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்தேன். 'கேமரா பலகைக்கு மேலேயோ பக்கத்திலேயோ வைக்கப்படலாம்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. படத்தில் கேமரா முக்காலியில் நிற்கிறது. திரைச் சட்டம் பற்றிய பேச்சும், சட்டத்தின் இரு ஓரங்களிலும் கேமராக்கள் உள்ள படமும் 2016இல்தான் முதன்முதலாக வருகின்றன. மற்ற நான்கு கூறுகளும் 2007 விவரணையில் தெளிவாக இருக்கின்றன. அந்த விண்ணப்பம் 2008இல் வெளியிடப்பட்டிருக்கிறது.

எதிர்வாதம் எழுதியது:

'பக்கத்திலே' என்பதற்குள் சட்டமும் அடங்கும், முக்காலியிலிருந்து சட்டத்துக்கு மாற்றுவது யாருக்கும் தோன்றக்கூடியதே என்று உரிமையாளர் சொல்வாரே?

கோரிக்கைவாசகர் எழுதியது:

அவர் அப்படிச் சொன்னால் நமக்கு இரட்டை நன்மை. 1997இல் லாக்வுட் எதிர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வழக்கில் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது: பழைய விண்ணப்பத்திலிருந்து எளிதில் ஊகிக்க முடியும் என்பது போதாது, பிற்பாடு கோரப்படுவது அந்த விவரணையிலேயே இருந்தாக வேண்டும். ஆகவே 'யாருக்கும் தோன்றும்' என்ற வாதம் அவருக்குப் பழைய தேதியைத் தராது. மாறாக, கேமராவை இடம் மாற்றுவது எளிதில் புலப்படக்கூடியது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தேதி 2016 ஆகிவிட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவருடைய சொந்த 2007 விண்ணப்பம், 2008இல் வெளியானதால், அவருக்கு எதிரான முன்கலை ஆகிவிடுகிறது. சொந்த வெளியீட்டுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் ஓராண்டுச் சலுகைக்காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஐந்தில் நான்கு கூறுகள் அந்த ஒரே ஆவணத்தில், அவருடைய சொற்களிலேயே கிடைக்கின்றன. பொருள்கோடல் சண்டைக்கு இடமில்லை. எஞ்சுவது கேமராவின் இடம் மட்டுமே. மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியில் அறிவித்த சர்ஃபேஸ் ஹப், திரையின் இடவல ஓரங்களில் கேமராக்களைக் கொண்ட தொடுதிரைப் பலகை. உங்கள் 2016 விண்ணப்பத்தின் சரியான நாளைப் பார்த்து, அந்த அறிவிப்பு அதற்கு எவ்வளவு முந்தையது என்று குறித்து வையுங்கள். கிளியர்போர்டையும் வகுப்பறை 2000ஐயும் விட்டுவிடச் சொல்லவில்லை. நடுவர்கள் 2007 தேதியை ஏற்றுக்கொண்டுவிட்டால் இரண்டாவது வாதமாக அவை நிற்க வேண்டும்.

இன்னொன்று: காப்புரிமையின் முதல் பக்கத்தில் ஆய்வாளர் பார்த்த ஆவணங்களின் பட்டியல் இருக்கும். பரிசீலனைக் கோப்பையும் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஆய்வாளர் ஏற்கெனவே எடைபோட்ட ஆவணத்தையே திரும்ப வைத்தால், அந்த அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம், காப்புரிமையை நீக்கக் கோரும் மனுவை ஏற்காமலேயே விடலாம். காப்புரிமைகள் பொருள்வாரியாகக் குறியீடு இடப்பட்டு வகைப்படுத்தப்படுகின்றன; முன்கலைத் தேடலில் காணொளிக் கூட்டத்துக்கான எச்04என் 7/15 வகைப்பாட்டோடு, கேமராவையும் திரையையும் அமைக்கும் விதத்துக்கான எச்04என் 7/142, கண்ணோடு கண் பார்க்கும் ஏற்பாடுகளுக்கான எச்04என் 7/144 ஆகியவற்றையும் அலசுங்கள். கேமராவைச் சட்டத்தில் பதித்த பழைய காப்புரிமைகள் அங்கேதான் அகப்படும்.

நூலடுக்கு எழுதியது:

நான் ஆவணக் காப்பகப் பணியில் இருக்கிறேன். தேதியை நிறுவுவது பற்றி மட்டும் சொல்கிறேன். ஓர் ஆவணம் எழுதப்பட்ட நாள் உதவாது. ஆர்வமுள்ள ஒருவர் தேடினால் அதை எடுத்துப் படித்திருக்க முடியும் என்ற நிலை எப்போது வந்தது என்பதே கேள்வி. ஒரு நூலகத்தில் ஓர் ஆய்வேட்டின் ஒரே ஒரு படி, அட்டவணைப்படுத்தப்பட்டு இருந்தாலே போதும் என்று 1986இல் ஹால் வழக்கில் தீர்ப்பாயிற்று. அந்த ஆய்வேடு இருந்ததும், தற்செயலாக, மேலே சொல்லப்பட்ட அதே ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக நூலகத்தில்தான். 2004இல் குளோப்ஃபென்ஸ்டைன் வழக்கில், சில நாள் மட்டும் கூட்டத்தில் ஒட்டி வைக்கப்பட்ட சுவரொட்டியே வெளியீடாக ஏற்கப்பட்டது.

மாநாட்டுத் தொகுப்புகளுக்கு, அக்காலத்தில் அவற்றை வாங்கிய நூலகத்தின் வரவு முத்திரையுள்ள பக்கத்தைப் படியெடுத்து, நூலகரின் உறுதிமொழியோடு வையுங்கள். வலைப்பக்கங்களுக்கு இணையக் காப்பகம் தன் வேபேக் மெஷின் பதிவுகளுக்கு உறுதிமொழிப் பத்திரம் தருகிறது. சர்ஃபேஸ் ஹப் அறிவிப்புக்கு இதையே கேளுங்கள். திரைப்பிடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வகங்களின் செயல்விளக்கக் காணொளிகளும் பயன்படும். ஆனால் அவை யாருக்கு, எப்போது, எந்தக் கட்டுப்பாடுமின்றி வழங்கப்பட்டன என்பதைக் காட்ட வேண்டியிருக்கும்.

பலமுனை எழுதியது:

அப்படியானால் ஸ்மார்ட்போர்டு, நெட்மீட்டிங் போன்ற பொருள்களை என்ன செய்வது? பொருளாக விற்பனையில் இருந்ததே போதாதா?

கோரிக்கைவாசகர் எழுதியது:

நீதிமன்றத்தில் போதும். ஆனால் மேல்முறையீட்டு வாரியத்தின் முன் நடக்கும் இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ எனப்படும் இருதரப்பு மறுஆய்வில் காப்புரிமைகளையும் அச்சு வெளியீடுகளையும் மட்டுமே அடிப்படையாக வைக்க முடியும். எனவே பொருளைத் தேடாதீர்கள், அதன் பயனர் கையேட்டைத் தேடுங்கள். 1990களின் கையேடுகள் பல குப்பைக்குப் போய்விட்டன. எவரிடமாவது பழைய பெட்டியில் இருந்தால் அது இந்த இழையில் சொல்லப்பட்ட பல கட்டுரைகளைவிட உதவக்கூடும்.

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் தன்னார்வலர்கள், பெரிய மனு ஒன்றுக்கான செலவைத் தாங்க முடியாது. கடிதம் பெற்ற நிறுவனமும் சிறியதே. காலக்கெடு ஏதும் ஓடத் தொடங்கிவிட்டதா?

கோரிக்கைவாசகர் எழுதியது:

கடிதத்தால் தொடங்காது. வழக்கின் மனு எதிர்த்தரப்பிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ கோர வேண்டும். அதில் இறுதி முடிவு வந்துவிட்டால், எழுப்பிய வாதங்களையும் எழுப்பியிருக்கக்கூடிய வாதங்களையும் நீதிமன்றத்தில் மறுபடி எழுப்ப முடியாது என்பதை நிறுவனம் எடைபோட வேண்டும். உங்கள் குழுவுக்கு எக்ஸ் பார்ட்டே எனப்படும் ஒருதரப்பு மறுபரிசீலனை ஏற்றது. யார் வேண்டுமானாலும் கோரலாம், செலவு பெரிதும் குறைவு, அந்தத் தடையும் கிடையாது. ஆனால் மறுபரிசீலனை மனுவைத் தாக்கல் செய்த பிறகு உரிமையாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையில்தான் உரையாடல் நடக்கும். நீங்கள் இடையில் புகுந்து பேச வழியில்லை. ஆகவே முதல் தாக்கலிலேயே அட்டவணை முழுமையாக இருக்க வேண்டும்.

2007 விவரணையையும் 2016 விவரணையையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு, கேமரா என்ற சொல் வரும் எல்லா வரிகளையும் இங்கே ஒட்டுங்கள். முதல் வரைவை நான் சரிபார்த்துத் தருகிறேன். நிறுவனத்தின் பதில் கடிதம் மட்டும் அவர்களுடைய வழக்கறிஞர் பார்க்காமல் போக வேண்டாம்.

பழையதாள் எழுதியது:

கிளியர்போர்டின் 1993 கட்டுரையும் 'வேர் வேர் வீ' கட்டுரையும் உள்ள அச்சுத் தொகுப்புகள் என்னிடம் இருக்கின்றன. அட்டவணையில் அந்த இரண்டு பத்திகளையும் பக்க எண்களோடு நானே நிரப்பி அனுப்புகிறேன். வரவு முத்திரைக்கு நூலடுக்கு நண்பரின் உதவி தேவைப்படும்.